கிராபிக்ஸ் கார்டு: இப்போதே வாங்கலாமா, பொறுக்கலாமா?

கிராபிக்ஸ் கார்டு, அதாவது கணினியில் கேம் படங்களை வரையும் பாகம், எப்போது வாங்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி. எந்த கேம் ஆடுகிறீர்கள், எந்த மானிட்டரில் ஆடுகிறீர்கள்? இதற்குப் பதில் சொல்லாமல் "அடுத்த சீரிஸ் எப்போ சார் வரும்?" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சு முடியவே முடியாது. ஒரு சீரிஸ், அதாவது ஒரு தலைமுறைக் கார்டு வரிசை, கடைக்கு வந்து சூடு ஆறுவதற்குள் அடுத்ததைப் பற்றிய வதந்தி கிளம்பிவிடும். அதைக் கேட்டுக் காத்திருப்பவர் ஆயுசுக்கும் காத்திருக்கலாம்.

நான் கணினிக் கடைக்காரன் இல்லை. சென்னையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்ப்பவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் பிசி அசெம்பிள் செய்து கொடுக்கும் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கடைசியாக வந்தது அக்கா மகன் கேஸ். அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவனிடம் இருப்பது ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 1080பி மானிட்டர். கேட்டது அதே நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5070. "வாலரன்ட்ல ஃப்ரேம் பத்தல மாமா, ஜிடிஏ 6 வேற வருது" என்றான். இரண்டும் கேம்கள்; ஃப்ரேம் என்பது ஒரு நொடியில் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை.

முதலில் கார்டுதான் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருள் இலவசம். எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். அதில் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, கார்டு மெமரி, வெப்பநிலை, ஃப்ரேம் எண்ணிக்கை நான்கும் திரையின் ஓரத்தில் தெரியும்படி வைத்துக்கொண்டு, ஃப்ரேமுக்கு உச்சவரம்பு போடும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் லிமிட்டையும் அணைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது, ஃப்ரேம் குறைவுக்கு அதுதான் காரணம். 50, 60 என்று அலைந்தால் கார்டு சும்மா உட்கார்ந்து ப்ராசஸருக்காகக் காத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். அப்போதும் ஃப்ரேம் ஏறவில்லை என்றால் கார்டைக் குறை சொல்ல முடியாது.

அவனுடைய வாலரன்டில் பயன்பாடு 55-ஐச் சுற்றியே இருந்தது. அந்த இடத்தில் 5070 போட்டாலும் ஒன்றும் மாறாது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்துவிட்டு அதே போர்டில் ரைசன் 5 5600 ப்ராசஸர் போட்டால் வித்தியாசம் தெரியும், செலவும் கார்டு விலையின் பக்கத்திலேயே வராது. ஆனால் அவன் ஆடும் பெரிய கதை கேம்களில் அதே கார்டு 99-ல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆக, கார்டு தேவைதான். அவன் சொன்ன காரணத்துக்காக இல்லை.

மெமரிக்கும் ஒரு சோதனை உண்டு. சராசரி ஃப்ரேம் நன்றாக இருக்கும், ஆனால் சட்டென்று திரும்பும்போது திக்கும், சுவர்களின் படம் மங்கலாக வந்து பிறகு தெளியும். டெக்ஸ்ச்சர் (பரப்புகள் மேல் ஒட்டும் படம்) அமைப்பை ஒரு படி இறக்கிப் பாருங்கள். திக்கல் நின்றுவிட்டால் குறை கார்டின் மெமரியில். அந்த ஒரு படியோடு சமாதானமாக ஆட முடிந்தால் இன்னும் ஒரு வருடம் தாராளமாகத் தள்ளலாம்.

சமாதானமே செய்ய முடியாத நிலை ஒன்றும் இருக்கிறது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு வரையும்) வசதியுள்ள கார்டு கட்டாயம் என்று கேட்பவை. 1660 சூப்பரில் அந்த வசதி கிடையாது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 வரை. 1060, 1070 வைத்திருப்பவர்கள் பொறுத்தது போதும்.

ஜிடிஏ 6 விஷயத்துக்கு வருவோம். அறிவித்திருக்கும் தேதி 2026 நவம்பர் 19, அதுவும் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும். பிசிக்குத் தேதியே சொல்லவில்லை. ஜிடிஏ 5 கன்சோலுக்கு 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில். அதே நிறுவனத்தின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வராத கேமுக்கு இன்று கார்டு வாங்குவது, பிறக்காத பிள்ளைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பது மாதிரி. எந்த அளவு என்றே தெரியாது.

சரி, கார்டு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எந்த விலையில்? இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அமெரிக்க டாலர் விலையை அன்றைய மாற்று மதிப்பால் பெருக்கிப் பார்த்துவிட்டு "இங்க கொள்ளையடிக்கிறாங்க" என்பார்கள். அமெரிக்க அறிவிப்பு விலையில் வரி இல்லை, நம் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. 2025 ஜனவரியில் என்விடியாவே சொன்ன இந்திய விலைகளைப் பாருங்கள். 549 டாலர் 5070-க்கு 59,000 ரூபாய், 999 டாலர் 5080-க்கு 1,07,000. அப்போது டாலர் 86 ரூபாய் வாக்கில் இருந்தது. வகுத்துப் பார்த்தால் டாலர் மதிப்போடு ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு. இதுதான் என் அளவுகோல்: அறிவிப்பு விலை, பெருக்கல் அன்றைய டாலர் மதிப்பு, பெருக்கல் 1.25. இதற்குள் கிடைத்தால் நியாயமான விலை. இதைவிடப் பத்து சதவீதம் மேலே போனால் நான் கடையை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு, 16 ஜிபி மெமரி. அறிவிப்பு விலை 349 டாலர். டாலர் 90 என்று வைத்தால் 39,000 சொச்சம். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு நாளையும் எழுதச் சொன்னேன். அந்த விலைக்கு எப்போது வந்தாலும் வாங்கு. வராவிட்டால் அந்த நாளில், அன்றைக்கு இருக்கும் கார்டுகளில் கையில் உள்ள காசுக்குச் சிறந்ததை வாங்கு. நாள் குறிக்காமல் விலையை மட்டும் குறித்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டே காலம் போய்விடும்.

"புதுசு வந்தா பழசு இறங்கும்" என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022-ல் அது பலித்தது. செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும் அதை கார்டு வைத்துத் தோண்டும் (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும்) தொழில் ஒரே நாளில் படுத்தது. கிடங்கு நிறையச் சரக்கு, சந்தை நிறையப் பழைய கார்டு. 2025 ஜனவரியில் 5080, 5090 வந்தபோது கதை வேறு. முந்தைய 40 வரிசையின் பெரிய கார்டுகளைத் தயாரிப்பதை முன்பே குறைத்துவிட்டதால் இறங்குவதற்குச் சரக்கே இல்லை. அதனால் காலண்டரைப் பார்ப்பதைவிட அலமாரியைப் பாருங்கள். போகப்போகிற மாடல் ஐந்தாறு பிராண்டில், கேட்ட கடையில் எல்லாம் கிடைத்தால் பொறுக்கலாம், விலை இளகும். ஒன்றிரண்டு பிராண்டுதான் மிச்சம் என்றால் இனி ஏறத்தான் செய்யும்.

இன்னொன்றும் கவனியுங்கள். புது வரிசை பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்கும். 4090 வந்தது 2022 அக்டோபரில், 4060 வந்தது 2023 ஜூனில். 5090 வந்தது 2025 ஜனவரி 30, 5060 வந்தது மே மாதம். நாற்பதாயிரம் பட்ஜெட் வைத்திருப்பவர் "அடுத்த சீரிஸ் வரட்டும்" என்று சொன்னால், முதல் கார்டு கடைக்கு வந்த பிறகும் நான்கு முதல் எட்டு மாதம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போதைய சூழலில் பொறுமைக்குப் பெரிய பரிசு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த தொழிலையே மூடுவதாக டிசம்பரில் அறிவித்தது. ரூபாயும் அதே மாதம் டாலருக்கு 90-ஐத் தாண்டியது. 16 ஜிபி கார்டில் மெமரி அதிகம் என்பதால் அடி அதற்கு இன்னும் பலமாக விழும். தேவை உறுதியாகிவிட்டது, நியாய விலையிலும் கிடைக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள்.

விழாக்காலத் தள்ளுபடியில் நம்பத் தகுந்தது வங்கி கார்டுக்குத் தரும் உடனடிக் கழிவு மட்டும்தான். அடித்துக் காட்டும் பழைய விலையை நம்பாதீர்கள். அமேசான் என்றால் கீப்பா என்ற தளத்தில் விலை வரலாற்றைப் பார்த்துவிடலாம். வட்டியில்லாத் தவணை என்பதிலும் வங்கி கணக்குப் போடும் வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு, ப்ராசஸிங் கட்டணமும் உண்டு. அப்புறம், கேம் ஆட வாங்கிய கார்டைத் தொழில் செலவில் எழுதலாமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நேரில் வாங்க எனக்குச் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருதான் வசதி. காலையில் இரண்டு மூன்று கடையில் குவட்டேஷன் வாங்கிக்கொண்டு பேசினால் கொஞ்சம் இறங்குவார்கள். போன தடவை ஒரு கடையில், "பில் வேணாம்னா ஆயிரத்து ஐநூறு கம்மி பண்ணிடலாம் சார், வாரன்டி சீரியல் நம்பர்லயே இருக்கு" என்றார். 39,000 ரூபாய் கார்டில் வரி மட்டும் ஏறக்குறைய 5,950 ரூபாய். அதைக் கட்டியதற்கான ஒரே அத்தாட்சியை 1,500-க்கு விட்டுத்தரச் சொல்கிறார்! பில் இல்லாவிட்டால் வாரன்டியை நாம் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடாமல், கார்டு தயாரான நாளிலிருந்து எண்ணவும் வாய்ப்புண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் வாங்கிவரச் சொல்வதிலும் இந்தச் சிக்கல்தான். இங்கே வாரன்டி செல்லுமா என்று அந்த பிராண்டிடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் கேபினெட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) எத்தனை வாட், அதில் கார்டுக்கான எட்டு பின் கேபிள் இருக்கிறதா, கார்டின் நீளம் உள்ளே போகுமா என்று பார்த்துவிடுங்கள். கார்டுகள் இழுக்கும் மின்சாரம்: 5060 டிஐ 180 வாட், 5070 250 வாட், 9070 எக்ஸ்டி 304 வாட். பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் இருந்தால் அதை மாற்றும் செலவும் கார்டு விலையில் சேர்த்தி. பி450 மாதிரிப் பழைய போர்டு என்றால் ஒன்று கூடுதல்: 5060-ம் 5060 டிஐ-யும் எட்டு லேனில் (போர்டோடு தகவல் போய்வரும் பாதையில்) மட்டும் இணைபவை, பழைய ஸ்லாட்டில் அதன் வேகம் இன்னும் சுருங்கும், 8 ஜிபி மெமரி நிரம்பும்போது அது உறைக்கும். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன். நான் அதைச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு: 300 வாட் கார்டில் தினமும் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் 54 யூனிட். ஏசி ஓடும் வீட்டில் அது உங்களை அடுத்த படிக்குத் தள்ளலாம்.

பழைய கார்டை விற்பதாக இருந்தால் புதியது வந்த அன்றே, கணினியில் இருக்கும்போதே, ஓடுவதை ஒரு வீடியோ எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். வாங்க வருபவர் கேட்பது அதைத்தான். பெட்டியும் பில்லும் சேர்த்துக் கொடுத்தால் விலை படியும். விழாக்கால விற்பனை தொடங்குவதற்கு முன்பே தள்ளிவிட்டால் நல்லது. தொடங்கிவிட்டால் எல்லோரும் பழையதை விற்கக் கிளம்பிவிடுவார்கள்.