ஃபியூஷனில ஒரு நம்பர் ஆடினா மற்றதும் சேர்ந்து ஆட வைக்கிறது எப்பிடி

வன்னிக்குள்ள கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா எண்டு வீடியோ எடிட் பண்ணுற பெடியள் கன பேர் டாவின்சி ரிசால்வ் வச்சிருக்கினம், ஆனா அதுக்குள்ள எஃபெக்ட், டைட்டில் செய்யிறதுக்கெண்டு கிடக்கிற ஃபியூஷன் பக்கத்தைத் திறக்கிற ஆக்கள் குறைவு. 2018இல ரிசால்வ் 15ஓட சேர்ந்து வந்தது, இலவச வேர்ஷன்லயே இருக்கு. பராமீட்டரை (ஸ்லைடரால மாத்துற நம்பரை) இன்னொண்டோட லிங்க் பண்ணுறதை மட்டும் பிடிச்சிட்டீங்களெண்டா கன வேலை மிச்சம்.

முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வீடியோவுக்கு டைட்டில் செய்யிறம் எண்டு வையுங்கோ. ஒரு குத்துவிளக்குப் படம், சுடர் லேசாத் துடிக்கவேணும், பின்னால சுவரில விழுற வெளிச்சமும் அதே நேரம் துடிக்கவேணும். (அந்தக் கோயிலில கடல்தண்ணியில எரியிற விளக்கின்ர ஷொட்டில மட்டும் ஒரு எஃபெக்டும் போடாதேங்கோ, அதைச் சனம் உள்ளபடி பாக்கட்டும்.)

ஃபியூஷனில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெட்டி, அதைத்தான் நோட் எண்டுறது. சுடருக்கு சொஃப்ட் குளோ நோட், சுவருக்கு பிரைட்னஸ் கொன்ட்ராஸ்ட் நோட், அது வெளிச்சம் விழுற இடத்தில மட்டும் வேலை செய்ய ஒரு எலிப்ஸ் மாஸ்க். ரெண்டு நோட்டுக்கும் எஃப்2 அடிச்சு Sudar, Suvar மாதிரி விளங்கிற பேரை இங்கிலீஷ் எழுத்தில வையுங்கோ, ஏனெண்டா அந்தப் பேர்தான் ஃபோர்முலாவுக்குள்ளயும் வரும். குளோவின்ர கெயினில (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற நம்பர்) ரைட் கிளிக் பண்ணி மொடிஃபை வித், பேர்டர்ப் குடுத்தா நம்பர் தானா ஆடத் தொடங்கும், ஸ்ட்ரெங்த்தையும் ஸ்பீடையும் குறைச்சு வையுங்கோ, கூடினா டியூப்லைட் பழுதானமாதிரி இருக்கும். சுவருக்கும் தனியா இன்னொரு பேர்டர்ப் போடாதேங்கோ, அது தன்ர பாட்டுக்கு ஆடும், சுடர் மங்கேக்க சுவர் பிரகாசமா நிக்கும்.

அதுக்குத்தான் லிங்க். சுவர் நோட்டின்ர கெயினில ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்பிரஷன் எண்டதைக் குடுங்கோ, கீழ ஒரு பெட்டி வரும், பக்கத்தில இருக்கிற பிளஸ் அடையாளத்தைப் பிடிச்சு இழுத்துக்கொண்டுபோய் சுடர் நோட்டின்ர கெயினில விட்டா ஃபோர்முலா தானா எழுதப்படும். (சுடரின்ர கொன்ட்ரோல்களை இன்ஸ்பெக்டரில பின் பண்ணி வச்சா ரெண்டும் ஒரே நேரம் தெரியும்.) இனி சுவரின்ர ஸ்லைடரைக் கையால இழுத்துப் பிரயோசனமில்லை, ஃபோர்முலாதான் ஓட்டும்.

இப்ப சுவர் அளவுக்கு மிஞ்சித் துடிக்கும். உடன கன பேர் செய்யிறது பின்னால * 0.3 எண்டு அடிக்கிறது, அது பிழை. சுடர் கெயின் 0.8க்கும் 1.2க்கும் இடையில ஆடுதெண்டா 0.3ஆல பெருக்கேக்க 0.24க்கும் 0.36க்கும் இடையில வந்திடும், சுவர் இருண்டுபோகும். சுவரின்ர கெயினுக்கு 1 எண்டா மாற்றமே இல்லையெண்டு அர்த்தம், அப்ப அந்த 1ஐ நடுவில வச்சுத்தான் துடிப்பைக் குறைக்கவேணும்: 1 + (Sudar.Gain - 1) * 0.3. இப்ப 0.94க்கும் 1.06க்கும் இடையிலதான் ஆடும், கண்ணுக்கு வடிவா இருக்கும். எந்த லிங்க் போட்டாலும் முதல் அந்தப் பராமீட்டரின்ர நடு நம்பர் என்ன எண்டு பாருங்கோ, டிரான்ஸ்ஃபோர்ம் நோட்டில ஆங்கிள் எண்டா 0, சைஸ் எண்டா 1, சென்டர் எண்டா எக்ஸும் வையும் 0.5. அதைக் கழிச்சு, பெருக்கி, திரும்பக் கூட்டுங்கோ.

அந்த 0.3ஐ அடிக்கடி மாத்தவேண்டி வந்தா நோட்டில ரைட் கிளிக் பண்ணி எடிட் கொன்ட்ரோல்ஸுக்குள்ள ஒரு ஸ்லைடர் செய்து, ஃபோர்முலாவில 0.3க்குப் பதிலா அதின்ர பேரைப் போடுங்கோ. லிங்க் வேண்டாமெண்டா ரிமூவ் எக்ஸ்பிரஷன் குடுத்தாக் காணும், சுடர் நோட்டுக்கு ஒண்டும் ஆகாது.