ஹான்ஸ், குட்காவை விட்டவர்கள் முதல் வாரத்தைத் தாண்ட

ஹான்ஸ், குட்கா மாதிரி வாயில் போடும் புகையிலையை விட்டவர்களுக்கு இரண்டாவது, மூன்றாவது நாள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்து வரும். பயப்படாதீர்கள், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

போட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால் சில நிமிடம் மட்டும் தள்ளிப்போடுங்கள், அந்த வேகம் தானாக இறங்கும். உதட்டுக்குள் எதையாவது அதக்கத் தோன்றும்போது ஒரு கிராம்போ, கொஞ்சம் சோம்போ வாயில் போடுங்கள். பாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் வாய்ப்புற்றுநோய் வரவைக்கும்.

புகையிலை ஆசையை அடக்க நிக்கோட்டின் சூயிங்கம் வாங்கினால் சாதாரண பபிள்கம் மாதிரி விடாமல் மெல்லாதீர்கள். நாக்கில் சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். டீ, காபி குடித்து 15 நிமிடம் கழித்தே போடுங்கள், இல்லையென்றால் மருந்து சரியாக ஏறாது. கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

மனசு தடுமாறினால் புகையிலையை நிறுத்த உதவும் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்புறம், வாயில் வெள்ளைத் திட்டோ புண்ணோ இரண்டு வாரமாகியும் ஆறவில்லையென்றால் உடனே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.