அழிந்தது விண்டோஸ்தானே? அதற்குப் பிறகு செய்யும் தவறுகள்

சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டால் புதிதாகக் கணினி பழகுகிறவர்கள் முதலில் தேடுவது, எந்த ஃபோல்டர் பெரிது என்பதைத்தான். விண்டோஸுக்குள், சிஸ்டம் ஃபைல்களைச் சேர்த்து வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒன்று பல ஜிபி காட்டும். அதன் உரிமையைத் தங்கள் பெயருக்கு மாற்றி, வருகிற எச்சரிக்கைக்கெல்லாம் 'யெஸ்' கொடுத்து அழித்துவிடுவார்கள். அடுத்த தடவை லப்டொப் எழும்பாது. இத்தனைக்கும் அங்கே காட்டும் அளவே முழுக்க உண்மையில்லை. அதிலுள்ள பல ஃபைல்கள் சிஸ்டம்32இல் இருப்பவைதான், ஒரே ஃபைல் இரண்டு இடத்திலும் கணக்கில் வருகிறது. இடம் வேண்டுமென்றால் டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' இருக்கிறது.

சிஸ்டம் ஃபைல் போனது பெரிய நட்டமில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸ் முழுவதையும் திரும்பக் கொண்டுவரலாம். கை மீறிப் போவது அதைத் திருத்தப் புறப்பட்ட பிறகுதான். பேக்கப் எடுங்கள், ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள் போன்ற புத்திமதிகளை விட்டுவிடுவோம்.

உடனே ஃபோமட் அடிப்பது

வெள்ளவத்தையில் கேட்டாலும் மட்டக்குளியில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஃபோமட் அடிச்சா சரி." சரியாவது விண்டோஸ் மட்டும். எத்தனை தரம் சொன்னாலும் இது குறையவில்லை என்பதுதான் எரிச்சல்.

"எல்லாம் டி டிரைவிலதானே இருக்கு" என்று நம்புவார்கள். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும், வேறிடத்துக்கு மாற்றி வைத்தாலொழிய, சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. உயர்தர மாணவரின் நோட்ஸும் ஸ்கான் செய்த பிறப்புச் சான்றிதழும் கிடப்பது பெரும்பாலும் டெஸ்க்டொப்பில்தான். புறக்கோட்டைக் கடைக் கணினி என்றால் இன்னும் மோசம். எக்செல்களைத் தேடிப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள், பில்லிங் மென்பொருளின் டேட்டாபேஸை மறந்துவிடுவார்கள். அது யூசர்ஸில் இல்லாமல் புரோகிராம் ஃபைல்ஸிலோ, மறைந்திருக்கும் புரோகிராம்டேட்டா ஃபோல்டரிலோ இருக்கும். புதிய விண்டோஸ் எழும்பி, மென்பொருளையும் போட்டுத் திறக்கும்போதுதான் கடன் கணக்கு முழுவதும் வெறுமையாக நிற்பது தெரியும்.

பழைய ஹார்ட் டிஸ்க் இந்தத் தவறை ஓரளவு மன்னிக்கும். குவிக் ஃபோமட்டுக்குப் பிறகும், மேலே புதிதாக எழுதப்படாத பகுதிகளை ரிகவரி மென்பொருள் படிக்கும். எஸ்எஸ்டி அப்படியில்லை. ஃபோமட் செய்யும்போதே விண்டோஸ் 'ட்ரிம்' கட்டளையை அனுப்பிவிடும். இந்தப் பகுதிகள் இனி வேண்டாம் என்று தெரிந்ததும் எஸ்எஸ்டி அவற்றைத் துடைத்து வைத்துவிடும். அதன்பின் எந்த மென்பொருளை ஓட்டினாலும் பூச்சியங்கள்தான் வரும். கீ இல்லாமல் படிக்க முடியாதபடி டிரைவைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்து, பார்ட்டிஷனையும் (டிஸ்க்கின் அந்தப் பிரிவையும்) அழித்துவிட்டால் ஹார்ட் டிஸ்க்கிலும் அந்த நம்பிக்கை வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. வேறொரு கணினியில் மைக்ரோசொஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் பென்டிரைவைத் தயாரியுங்கள். பென்டிரைவில் முன்பிருந்தது எல்லாம் அழியும். பல ஜிபி இறங்கும், நைட் டேட்டா இருந்தால் இரவில் விடலாம். அதைப் பழுதான கணினியில் குத்தி, அதிலிருந்தே எழுப்புங்கள்; அதற்கான பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. மொழி கேட்கும் திரை வந்ததும் ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைத் திரை திறக்கும். அதில் நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'ஓபன்' போய், கீழே 'ஓல் ஃபைல்ஸ்' தெரிவு செய்தால் அதுவே ஒரு சின்ன எக்ஸ்புளோரர். யூசர்ஸில் உங்கள் பெயருள்ள ஃபோல்டரைக் கொப்பி செய்து வெளி டிஸ்க்கில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. திரை உறைந்தது போலிருக்கும், பயந்து பவரை அமத்தாதீர்கள். கட்டளை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதே திரையில் ரோபோகொப்பி இருக்கிறது. வேறு ஃபோல்டரைச் சுட்டும் ஜங்ஷன்களைத் தவிர்க்கும் எக்ஸ்ஜே தெரிவைச் சேர்க்காவிட்டால் அப்ளிகேஷன் டேட்டாவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்ஸ்டோல் பென்டிரைவிலேயே கொப்பி பண்ணப் பார்க்காதீர்கள். அது ஃபாட்32 முறையில் ஃபோமட் செய்யப்பட்டது, 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது.

டிரைவ் திறக்காமல் கீ கேட்டால் அது பிட்லொக்கர். நீங்கள் போடாவிட்டாலும் போட்டிருக்கலாம். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைந்திருந்தால், ஹோம் பதிப்பிலும் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். 48 இலக்கக் கீ அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், ஃபோனில் நுழைந்து பார்க்கலாம்.

கொப்பி பண்ண வெளி டிஸ்க் இல்லாமல், விண்டோஸ் போட்டே ஆக வேண்டுமென்றால், அதே பார்ட்டிஷனை ஃபோமட் செய்யாமல் தெரிவு செய்யுங்கள். பழையவை விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டருக்குள் போகும். அன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாட்கள் போனால் விண்டோஸே அதை அழித்துவிடும்.

சி என்றால் சி என்று நினைப்பது

பென்டிரைவிலிருந்து திறந்த அந்தக் கறுப்புத் திரையில் டிரைவ்களின் எழுத்துகள் மாறும். உங்கள் விண்டோஸ் டி ஆகவோ ஈ ஆகவோ இருக்கலாம், திரையில் நிற்கும் எக்ஸ் டிரைவ் ரெம் நினைவகத்துக்குள் ஓடும் தற்காலிக விண்டோஸ். டிஸ்க்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளையில் 'லிஸ்ட் வால்யூம்' கொடுத்து, கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்த்துத் திருத்தும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை வெறுமனே அடித்தால் அங்கே உங்கள் விண்டோஸைத் தொடாது. எந்த டிரைவ், எந்த விண்டோஸ் ஃபோல்டர் என்ற இரண்டையும் கட்டளையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எஸ்எஃப்சியை முதலில் ஓட்டுவது

எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுப்பது வின்எஸ்எக்ஸ்எஸ்ஸிலிருந்து. அங்கேயே பழுது என்றால் எதை எடுக்கும்? முதலில் வின்எஸ்எக்ஸ்எஸ்ஸையே திருத்தும் டிஸ்ம் கட்டளையின் ரெஸ்டோர்ஹெல்த், பிறகுதான் எஸ்எஃப்சி. டிஸ்முக்கு மூலமாகப் பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரிலுள்ள இன்ஸ்டோல் ஃபைலைக் காட்டுங்கள். மீடியா கிரியேஷன் டூல் தருவது ஈஎஸ்டி வகை ஃபைல், பெயரின் கடைசியில் டபிள்யூஐஎம் என்று எழுதினால் ஃபைல் இல்லை என்று நிற்கும். பதிப்பும் பொருந்த வேண்டும், 23எச்2 கணினிக்கு 24எச்2 மூலம் உதவாது. வின்எஸ்எக்ஸ்எஸ் முழுதாகவே போயிருந்தால் இந்த இரண்டோடும் மினக்கெட வேண்டாம். தரவை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

ரெக்பேக்கிலிருந்து கொப்பி பண்ணுவது

விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரி பழுதானால், அதன் பேக்கப்புக்கான ரெக்பேக் ஃபோல்டரில் இருப்பதை எடுத்து கொன்ஃபிக் ஃபோல்டரில் போடச் சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே பேக்கப் எடுப்பது நிறுத்தப்பட்டுவிட்டது. பெயர்கள் இருக்கும், அளவு 0. அதைக் கொண்டுபோய் மேலே போட்டால், திருத்தக்கூடியதாக இருந்த ரெஜிஸ்ட்ரியும் போச்சு. கொப்பி பண்ணுமுன் அளவைப் பாருங்கள், பழையதைப் பெயர் மாற்றி வைத்துவிட்டுத்தான் தொடுங்கள்.

டிஎல்எல் (காணாமற்போன சிஸ்டம் ஃபைல்) தரும் இணையத்தளங்கள்

போகாதீர்கள்.

100 எம்பி பார்ட்டிஷனை 'வீண் இடம்' என்று அழிப்பது

விண்டோஸை எழுப்பும் ஃபைல்கள் அந்த ஃபாட்32 பார்ட்டிஷனில்தான் இருக்கின்றன. அழித்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று வரும், விண்டோஸ் மட்டும் அப்படியே முழுதாக இருக்கும். இதற்குப் போய் ஃபோமட் அடிப்பவர்களும் உண்டு.

கறுப்புத் திரையில் டிஸ்க்பார்ட்டுக்குள் போய்ச் சரியான டிஸ்க்கைத் தெரிவு செய்து, காலியான அந்த இடத்தில் 100 எம்பியில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ஃபாட்32ஆகக் குவிக் ஃபோமட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். குவிக் ஃபோமட் இந்த 100 எம்பிக்கு மட்டுந்தான். 'கிளீன்' கட்டளையை எந்தக் காரணத்துக்கும் அடிக்க வேண்டாம், டிஸ்க் முழுவதும் போய்விடும். வெளியே வந்து, பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டரின் பாதை, எஸ் டிரைவ், யூஈஎஃப்ஐ ஆகிய மூன்றையும் கொடுங்கள். பூட் ஃபைல்கள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வரும். பென்டிரைவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம்.