இஎஸ்ஜி ஃபண்டுல பணம் போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

இஎஸ்ஜி ஃபண்டுன்னா சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் இந்த மூணையும் பாத்து கம்பெனிங்கள தேர்ந்தெடுக்கற மியூச்சுவல் ஃபண்டு. பேர்ல இஎஸ்ஜின்னு இருந்தா மட்டும் போதாதுங்க, முதல்ல அந்த ஃபண்டோட ஃபேக்ட்ஷீட்ட எடுத்து எந்தெந்த கம்பெனி ஷேர் வச்சிருக்காங்கன்னு பாருங்க, மாசாமாசம் போடுவாங்க. நிஃப்டி மாதிரி ஒரு பட்டியல அப்படியே பின்பத்தற உங்க வழக்கமான இண்டெக்ஸ் ஃபண்டுல இருக்கற அதே பத்து கம்பெனிதான் மேல இருக்குன்னா அவசரப்படாதீங்க.

அடுத்ததுதான் உண்மையான வேலை. மார்க்கெட் மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்கற லிஸ்டட் கம்பெனிங்க 2022-23ல இருந்து பிஆர்எஸ்ஆர்னு (கம்பெனியோட பொறுப்பும் சுற்றுச்சூழல் கணக்கும் சொல்றது) ஒரு ரிப்போர்ட் கட்டாயம் தரணும்னு பங்குச்சந்தைய கண்காணிக்கற செபியோட ரூல், ஆன்யுவல் ரிப்போர்ட்டோடயே வரும். அதுல நேரா சுற்றுச்சூழல் பத்தின ஆறாவது பிரின்சிபிளுக்கு போங்க, நிலத்தடி தண்ணி எவ்வளவு எடுத்தாங்க, கரண்ட் எவ்வளவு, கழிவு என்னாச்சு எல்லாம் போன வருஷக் கணக்குக்குப் பக்கத்துலயே இருக்கும். முன்பக்கத்துல மரம் நடற போட்டோ, உள்ள தண்ணிக் கணக்கு வருஷாவருஷம் ஏறுதுன்னா நான் அந்த கம்பெனிய தொடமாட்டேன். சப்ளையர் பக்கமும் பொருள வாங்கி பயன்படுத்தறவங்க பக்கமும் வர்ற கார்பன், அதாவது ஸ்கோப் 3, அதையும் ஒரு கம்பெனி தானா சொல்லியிருந்தா அது நல்ல அறிகுறி.

ஷேர் வேணாம்னா கவர்மெண்ட் கிரீன் பாண்ட் (சுற்றுச்சூழல் திட்டங்களுக்காக அரசு விடற கடன் பத்திரம்) இருக்கு, 2023 ஜனவரில முதல் ஏலம் விட்டாங்க, அரசு பத்திரத்த நேரடியா வாங்கறதுக்கான ரிசர்வ் வங்கி தளம், ஆர்பிஐ ரீடைல் டைரக்ட்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ண காசு கிடையாது. நடுவுல வித்தா விலை முன்னபின்ன இருக்கும், அதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்புறம் ஓட்டு, நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தம் அது. கையில ஒரே ஒரு ஷேர் இருந்தாலும் ஏஜிஎம், அதாவது கம்பெனியோட வருடாந்திர பங்குதாரர் கூட்டம், அந்த சமயத்துல இ-வோட்டிங் மெயில் வரும், டெலீட் பண்ணாம திறந்து ஓட்டுப் போடுங்க, கூட்டத்துல பேச பதிவு பண்ற தேதி நோட்டீஸ்லயே இருக்கும், பதிஞ்சுட்டு அந்த தண்ணிக் கணக்க நேரா கேளுங்க.