பழைய ட்ரக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? பம்பைக் கழற்றாதீர்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில், ஊரிலிருந்து பஸ் ஏறி டீசல் பம்பைச் சுமந்து வருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பம்பைத் தொடுவதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. மாஸி பெர்குசன் 135, அதாவது 3 சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பூட்டுங்கள். எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி உள்ளே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டார்டரைப் பத்து விநாடி சுற்றவிட்டு, புகைக்குழாயைக் கவனியுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. இது தெரிந்தாலே தேடும் இடம் பாதியாகிவிடும்.

எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பற்றரியைப் பாருங்கள். காற்றை அமுக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. வேகம் குறைந்தால் சூடும் குறையும். நன்றாக சார்ஜ் ஆன பற்றரி 12.6 வோல்ட் காட்டும். சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். ஆனால் புதுப் பற்றரி வாங்க ஓடாதீர்கள். முனைகளில் படிந்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, எர்த் வயர் சட்டத்தைப் பிடிக்கும் இடத்தையும் பளிச்சென்று தேய்த்துவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்.

புகையே வராவிட்டால் பெரும்பாலும் டீசல் வரும் லைனில் காற்று. டாங்கி வற்றும்வரை ஓட்டினாலோ, பில்டர் மாற்றினாலோ இப்படி ஆகும். பில்டரின் தலையில் உள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய பம்பின் கைநெம்பை அடியுங்கள். நெம்பில் பிடிப்பே இல்லையென்றால் பயப்பட வேண்டாம், உள்ளே பம்பை இயக்கும் கேம் (சுழலும் மேடு) தூக்கி நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். அப்புறம் பெரிய பம்பின், அதாவது டீசல் பம்பின், காற்றுத் திருகுகளுக்கும் இதே வேலை. கடைசியாக, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, முகத்தை விலக்கி வைத்து ஸ்டார்டரைச் சுற்றுங்கள். டீசல் துளிர்த்ததும் இறுக்கிவிடுங்கள்.

வேகமாகச் சுற்றியும் வெள்ளைப் புகைதான் என்றால் காற்று பில்டரையும், உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டரையும் பாருங்கள். ஹீட்டர் உள்ள எஞ்சினுக்கு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது, வெடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரெஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்) கோளாறு. அதற்கு மெக்கானிக்தான் வேண்டும்.