அரிய சைகட் வளர்ப்பு: விதை வாங்குவதில் தொடங்கி விதை கொடுப்பது வரை

பார்வைக்குப் பனை போல இருந்தாலும் சைகட் பனை இனம் அல்ல. அது பூப்பதில்லை, கூம்பு விடும். உலகில் 350-க்கு மேற்பட்ட சைகட் இனங்கள் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே அரிய சைகட் வளர்க்கிறவர் கையில் மண்வெட்டியோடு ஒரு நோட்டும் இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அலங்காரச் செடிதான்.

படி 1: வாங்குதல்

விதையில் முளைத்த நாற்றையோ பக்கக்கன்றையோ மட்டும் வாங்குங்கள். பருத்த தண்டு, வெட்டுப்பட்ட வேர், தீப்பட்ட கருமை, ஆவணம் எதுவும் கிடையாது என்றால் அது காட்டில் தோண்டியதாக இருக்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். சைகட் இனங்கள் எல்லாமே, அரிய உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. என்செபலார்டாஸ் என்ற ஆப்பிரிக்க சைகட் பேரினம் முழுவதும் மிகக் கடுமையான முதல் இணைப்பில் வருவதால், அதன் விதையை நாடு விட்டு நாடு அனுப்பக்கூட அனுமதி வேண்டும்.

படி 2: மண்

சைகட் வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும், ஈரத்தில் ஊறுவதை மட்டும் தாங்காது. கலவையில் பாதிக்கு மேல் பருமணலோ பியூமிஸோ (எரிமலை நுரைக்கல்) இருக்கட்டும், மீதி மக்கிய இலை உரம். ஆணிவேர் இறங்க ஆழமான தொட்டி தேவை. வேரில் பவளம் போலக் கொத்துக் கொத்தாக முடிச்சுகள் தெரிந்தால் நோய் என்று நறுக்கிவிடாதீர்கள். அதற்குள் இருக்கும் நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தருகிறது.

படி 3: குருத்து

இலைகள் ஒரே வீச்சில் கூட்டமாக வரும். அவை முற்றும்வரை தொட்டியை நகர்த்தாதீர்கள், வளைந்தது வளைந்தபடியே முற்றிவிடும். புது இலை தீய்ந்து சுருண்டே வந்தால் பெரும்பாலும் மாங்கனீசுக் குறைபாடு. இலையடியில் வெள்ளைப் பொடியாக அப்பியிருந்தால் செதில் பூச்சி. 2003-இல் பசிபிக் கடலின் குவாம் தீவுக்குள் நுழைந்த ஒரு செதில் பூச்சி அங்கிருந்த சைக்கஸ் மைக்ரோனீசிகா என்ற சைகட் மரங்களைப் பெருமளவில் அழித்தது. கண்டவுடன் அந்த இலையை வெட்டி அப்புறப்படுத்தி, தோட்டக்கலை எண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

படி 4: விதை

கையுறை போட்டு மேல் சதையை நீக்குங்கள். சைகட் நஞ்சு உள்ள செடி. நாய், குழந்தை எட்டும் இடத்தில் விதையைப் போடாதீர்கள். கழுவிய விதையை உடனே விதைக்க அவசரம் வேண்டாம். பல இனங்களில் விதை உதிரும்போது உள்ளே கரு முற்றியிருக்காது, சில மாதம் நிழலில் வைத்திருக்க வேண்டும். நீரில் மிதப்பதெல்லாம் பொக்கு என்று தூக்கிப் போடவும் கூடாது: சைக்கஸ் ரம்ஃபி போன்றவற்றின் நல்ல விதையும் மிதக்கும்.

ஈரமணலில் விதையைப் படுக்கவைத்து, பாதி வெளியே தெரியும்படி அழுத்துங்கள். 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். ஓடு விரிந்து தடித்த வேர் கீழ்நோக்கி இறங்கும். முதல் இலைக்கு அதன் பிறகும் காத்திருக்க வேண்டும். ஒட்டியிருக்கும் விதையைப் பிய்க்காதீர்கள், நாற்றுக்கு அதுதான் சாப்பாடு.

படி 5: மகரந்தம்

ஆண் வேறு, பெண் வேறு. கூம்பு வரும்வரை எது எது என்று தெரியாது. அதற்குப் பல வருடம் ஆகும். ஜோடி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்செபலார்டாஸ் வுடி சாட்சி. 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் கண்டறியப்பட்டது ஒரே ஒரு ஆண் மரம். பெண் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகெங்கும் தோட்டங்களில் நிற்பவை அதன் பக்கக்கன்றுகள்தான்.

பூர்வீகக் காட்டில் வண்டுகள் செய்யும் வேலையைத் தோட்டத்தில் நாம் செய்ய வேண்டும். ஆண் கூம்பைத் தட்டினால் மஞ்சள் பொடி உதிரும் பருவத்தில் அதைக் காகிதத்தில் கொட்டி, சலித்து உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு சிறு புட்டியில் மூடி ஃப்ரீசரில் வையுங்கள். என்செபலார்டாஸ் பெண் கூம்பின் செதில்களுக்கு நடுவே இடுக்கு விடுவது சில நாள்தான். அந்த நாட்களில் தினமும் காலையில் போய்ப் பாருங்கள். திறந்திருந்தால் ரப்பர் குமிழால் பொடியை உள்ளே ஊதி, அடுத்தடுத்த நாளும் அப்படியே செய்யுங்கள். வேறு இனத்து மகரந்தம் கலந்தால் கலப்பினம்தான் முளைக்கும், இனத்தின் பாதுகாப்புக்கு உதவாது.

படி 6: பெயர்ப்பலகை

மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதுங்கள்: இனம், தாய், தந்தை, ஆண்டு. இதையே நோட்டிலும் எழுதி, விதை கொடுக்கும்போது ஒரு நகலை விதையோடு சேர்த்தே கொடுங்கள். எல்லா விதையையும் ஒரே ஆளுக்குக் கொடுக்க வேண்டாம். நாலைந்து தோட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஓரிடத்தில் பூச்சி வந்தாலும் மற்ற இடத்தில் செடி இருக்கும்.