சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு கையெழுத்து: மட்சுமோட்டோவை எப்படி வாசிப்பது

நான் கிண்ணியாவில் 19 வருடங்கள் படிப்பித்தவள். வீடு திருகோணமலை டவுனில். 2009 ஒக்ரோபரில் பாலம் திறக்கும் வரை தினமும் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். 7.30க்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். ஒரு பாதையைத் தவறவிட்டால் கையெழுத்து கோட்டுக்குக் கீழேதான். ஆகவே நேரக் கணக்கை வைத்து எழுதிய கதை என்றால் எனக்குத் தனி ஆசை.

ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மட்சுமோட்டோவின் துப்பறியும் நாவல் ‘புள்ளிகளும் கோடுகளும்’ அப்படிப்பட்ட கதை. வாங்கும்போதே ஒரு கவனம் தேவை. 1970இல் ‘பொயின்ற்ஸ் அன்ட் லைன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் வந்ததும், 2022இல் ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்று வந்ததும் ஒரே நாவல். கனடாவிலிருந்து வந்த மருமகளிடம் இரண்டையும் சொல்லி அனுப்பி, இரண்டாவதைத் திறந்து நாலு பக்கம் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

வாசிக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு ஒற்றைறூள் கொப்பி, பென்சில், பிளேன்ரீ இருக்கட்டும். கொப்பியில் மூன்று பத்தி போடுங்கள்: நேரம், இடம், பார்த்தவர் யார். மூன்றாவது பத்திதான் முக்கியம். கதையில் வரும் நேரங்களில் பல யாரோ ஒருவர் சொன்னவை. சொன்னவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். அந்த அலுப்பில்தான் இந்த நாவலின் ருசியே இருக்கிறது.

ஃபுகுவோக்காவில் காஷீ கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் செத்துக் கிடக்கிறார்கள். காதலர்கள் சேர்ந்து நஞ்சு குடித்தார்கள் என்று எல்லோரும் முடிவு கட்ட, தொரிகாய் என்ற வயதான துப்பறிவாளருக்கு மட்டும் ஒரு துண்டுக் கடதாசி உறுத்துகிறது. இறந்தவரின் பையில் இருந்த, ரயிலில் சாப்பாடு பரிமாறும் பெட்டியில் கொடுத்த பில். ஒருவருக்கு என்று போட்டிருக்கிறது. கூட வந்த பெண் ஏன் சாப்பிடப் போகவில்லை? இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் யாரிடமாவது அதே கேள்வியைக் கேளுங்கள். நான் கேட்டபோது என் கணவர், “பசிக்கேல்லையாக்கும்” என்றார். அவரைப் போன்றவர்களால்தான் கொலைகாரர்கள் தப்புகிறார்கள்.

அடுத்தது டோக்கியோ ஸ்ரேசன். செத்த இருவரும் சேர்ந்து ரயில் ஏறியதைச் சிலர் பார்த்தது இங்கேதான். 13ஆம் பிளாட்பாரத்தில் நிற்பவர்களுக்கு 15ஆம் பிளாட்பாரத்தில் நிற்கும் ‘அசகாசே’ ரயில் தெரிவது மாலை 5.57இலிருந்து 6.01 வரை, அந்த நாலு நிமிடம் மட்டும். மற்ற நேரங்களில் இடையிலுள்ள தண்டவாளங்களில் ரயில்கள் வந்து மறைத்துவிடும். இதை வாசித்து மட்டும் விளங்கிக்கொள்ள முடியாது, கோடு போட்டுப் பாருங்கள். எங்கள் ஸ்ரேசனை வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே ஒரு நுனியில் நின்றால் மறு நுனி முழு நாளும் தெரியும். அதோடு, அந்தக் கதை 1957ஆம் ஆண்டு நேர அட்டவணையை நம்பி நிற்கிறது. கல்ஓயாப் பக்கம் தண்டவாளத்தில் யானை நின்றால் எங்கள் கோச்சி எத்தனை மணிக்கு வரும் என்று கொலைகாரனுக்கு யார் சொல்வது?

கொலைகாரன் யார் என்று தேடி மினக்கெட வேண்டாம். சந்தேகம் சீக்கிரமே ஒருவர் மேல் விழுந்துவிடும். எப்படிச் செய்தார் என்பதுதான் கேள்வி. தொரிகாய் காஷீயில் இருக்கும் இரண்டு ஸ்ரேசன்களுக்கு நடுவே நடந்து பார்த்து நிமிடம் எண்ணுவார். அதைத் தாண்டிப் போகாதீர்கள். நோயாளிப் பெண் ஒருத்தி நேர அட்டவணையை வாசித்தே ஊர் ஊராகப் போய்வரும் அத்தியாயத்தையும் அப்படித்தான்.

எழுதியவரின் வாழ்க்கையைப் பாதிக் கதைக்குப் பிறகு தெரிந்துகொண்டால் நல்லது. 1909இல் பிறந்தவர், கொக்குராவில் வளர்ந்தவர். குடும்பத்தின் வறுமையால் ஆரம்பப் படிப்போடு நிறுத்திவிட்டு எடுபிடி வேலைக்குப் போனார். பிறகு அச்சுத் தொழில், அப்புறம் அசாகி பத்திரிகையில் விளம்பரங்களுக்கு வடிவமைப்பு. போர் முடிந்த பின் சம்பளம் போதாமல், ரயிலில் ஊர் ஊராகப் போய் விளக்குமாறு வியாபாரம் பார்த்திருக்கிறார். அகுதகாவா என்ற இலக்கியப் பரிசு கிடைத்தது 1953இல், 43 வயதில். விளக்குமாற்றுக் கட்டோடு ரயிலுக்குக் காத்திருந்த மனிதருக்கு நேர அட்டவணையின் அருமை தெரியாமல் இருக்குமா? 1992இல் இறக்கும் வரை எழுதினார்.

புத்தகம் முடிந்ததும் உங்கள் ஊரை வைத்து ஒன்று கட்டிப் பாருங்கள். என்னுடையது இது. காலை 7.05க்கு இக்கரையில் கொலை. சந்தேகத்துக்குரிய ஆசிரியர் 7.25க்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கோட்டுக்கு மேலே கையெழுத்து வைத்திருக்கிறார். அந்த நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய பாதை 6.50க்கே புறப்பட்டுவிட்டது. ஆகவே அவர் நிரபராதி. உண்மையில் அவர் வந்தது வள்ளத்தில். வள்ளத்தில் சைக்கிளை ஏற்ற முடியவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் சொல்கிறான்: “சேர் இண்டைக்கு நடந்து வந்தவர்.”

இதைப் பழைய மாணவி ஒருத்தியிடம் பெருமையாகச் சொன்னேன். “டீச்சர், சைக்கிள் பஞ்சர் எண்டு சொன்னால்?” என்றாள். சரி, இக்கரையில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் போய்க் கேட்க வேண்டும். கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி அவரை மூன்றாவது பத்தியில் எழுதி வைத்திருக்கிறேன்.